கொள்கலன்களின் பாதுகாப்பு விதிக்கோப்புகள்: இயல்புநிலை குறித்த ஒரு விமர்சனம்

மென்பொருள் கொள்கலன் ஒன்றைத் தொடங்கும்போது, அதற்குள் ஓடும் நிரல் கணினியின் எந்தப் பகுதிகளைத் தொடலாம், எவற்றைத் தொடக்கூடாது என்று கெர்னலுக்கு அறிவிக்கும் விதித்தொகுப்பே பாதுகாப்பு விதிக்கோப்பு. பணியிடங்களில் இதை 'செக்யூரிட்டி புரொஃபைல்' என்றே சொல்கிறார்கள். லினக்ஸ் இயங்குதளத்தில் செக்காம்ப், ஆப்பார்மர், எஸ்இலினக்ஸ் ஆகிய மூன்றும் இவ்வகையில் பரவலாகப் பயன்படுபவை.

இவற்றை எப்படிப் பயன்படுத்துவது என்று சொல்லும் கையேடுகள் பல உண்டு. இக்கட்டுரை அவற்றுள் ஒன்றன்று. பயனர் எதையும் குறிப்பிடாமல் கொள்கலனைத் தொடங்கினால் அவருக்குக் கிடைக்கும் பாதுகாப்பு எப்படிப்பட்டது என்பதை மதிப்பிடுவதே இதன் நோக்கம். விதிகள் பெரும்பாலும் நன்றாகவே எழுதப்பட்டுள்ளன. ஆயினும் விதி இருந்தால் அதன் தொல்லை உடனே தெரிகிறது. விதி இல்லாவிட்டால் எதுவுமே தெரிவதில்லை. இந்த ஏற்பாடு, அறியாதவரைப் பாதுகாப்பை அணைத்துவிடும் திசைக்கே தள்ளுகிறது என்பது இக்கட்டுரையின் கருத்து.

கொள்கலனுக்குச் சுவர் எங்கே?

மாணவர்கள் முதலில் தெளிவுபெற வேண்டிய செய்தி ஒன்று உண்டு. மெய்நிகர் கணினி வேறு, கொள்கலன் வேறு. மெய்நிகர் கணினிக்குத் தனிக் கெர்னல் உண்டு. கொள்கலனுக்கு அது இல்லை. ஒரே கணினியில் ஐம்பது கொள்கலன்கள் ஓடினாலும் அவை எல்லாம் ஒரே கெர்னலையே பகிர்ந்துகொள்கின்றன. பெயர்வெளி என்னும் வசதி ஒவ்வொரு கொள்கலனுக்கும் தனிக் கோப்புமுறை, தனி வலையமைப்பு, தனிச் செயல்முறைப் பட்டியல் இருப்பதுபோன்ற தோற்றத்தைத் தருகிறது. சி-குரூப் என்னும் வசதி நினைவகத்துக்கும் செயலியின் நேரத்துக்கும் அளவு வைக்கிறது. இரண்டும் பயனுள்ளவை. ஆனால் கெர்னலிலேயே ஒரு பிழை இருந்து, கொள்கலனுக்குள் இருக்கும் நிரல் அந்தப் பிழையைத் தொட முடிந்தால், இவ்விரண்டையும் தாண்டி வெளியேற வழி பிறக்கிறது.

நிரல் கெர்னலிடம் விடுக்கும் ஒவ்வொரு வேண்டுகோளுக்கும் 'சிஸ்டம் கால்' என்று பெயர். கோப்பைத் திற, எழுது, புதிய செயல்முறையைத் தொடங்கு என்று முந்நூறுக்கும் மேற்பட்ட வேண்டுகோள்கள் லினக்சில் உள்ளன. ஒரு சாதாரண இணையச் சேவைக்கு அவற்றில் சிறு பகுதியே தேவை. தேவையற்ற கதவுகளைப் பூட்டிவைத்தால், அக்கதவுகளுக்குப் பின்னால் உள்ள பிழைகள் தாக்குபவரின் கைக்கு எட்டா. பாதுகாப்பு விதிக்கோப்பின் அடிப்படை இதுவே.

மூன்று கருவிகளின் பின்னணி

செக்காம்ப் 2005-ஆம் ஆண்டு லினக்ஸ் 2.6.12 பதிப்பில் சேர்ந்தது. அதை எழுதிய ஆண்ட்ரியா ஆர்க்காஞ்சலியின் நோக்கம், தம் கணினியின் ஓய்வு நேரத்தைப் பிறருக்கு வாடகைக்கு விடுபவர்கள் முன்பின் தெரியாதவரின் நிரலை அச்சமின்றி இயக்க வேண்டும் என்பது. அப்போது அது படித்தல், எழுதுதல், வெளியேறுதல், சிக்னலிலிருந்து திரும்புதல் என நான்கே வேண்டுகோள்களை அனுமதித்தது. 2012-இல் வந்த லினக்ஸ் 3.5 பதிப்பில், எந்தெந்த வேண்டுகோள்களை ஏற்பது என்பதைப் பயனரே வடிகட்டி எழுதித் தீர்மானிக்கும் வசதி வந்தது. இன்றைய கொள்கலன்கள் பயன்படுத்துவது இந்த இரண்டாம் வடிவத்தையே.

ஆப்பார்மர் கோப்புப் பாதைகளை வைத்து விதி எழுதும் முறை. இம்மியூனிக்ஸ் நிறுவனத்தில் 'சப்டொமைன்' என்ற பெயரில் தொடங்கி, நோவெல் நிறுவனத்தின் கைக்குச் சென்று, 2010-இல் லினக்ஸ் 2.6.36 பதிப்பில் இடம்பெற்றது. உபுண்டு, டெபியன் கணினிகளில் இதுவே வழக்கம். எஸ்இலினக்ஸ் அமெரிக்காவின் தேசியப் பாதுகாப்பு முகமையில் பிறந்தது. 2000-ஆம் ஆண்டின் இறுதியில் பொதுவெளிக்கு வந்தது. அது ஒவ்வொரு கோப்புக்கும் செயல்முறைக்கும் ஒரு முத்திரை இட்டு, எந்த முத்திரை எதைத் தொடலாம் என்று தீர்மானிக்கிறது. ரெட் ஹேட், ஃபெடோரா கணினிகளில் இது வழக்கம்.

தொடங்கும் கணத்தின் முக்கியத்துவம்

இவ்விதிகள் கொள்கலன் தொடங்கும் அந்த ஒரு கணத்தில்தான் பொருத்தப்படுகின்றன. டாக்கர், குபெர்னெட்டிஸ் போன்றவற்றின் அடித்தளத்தில் பெரும்பாலும் 'ரன்சி' என்னும் சிறு கருவி வேலை செய்கிறது. அது பெயர்வெளிகளை அமைத்து, அதிகாரங்களைக் குறைத்து, ஆப்பார்மர் விதியின் பெயரைப் பிராக் கோப்பகத்தில் உள்ள ஒரு சிறப்புக் கோப்பில் எழுதி, செக்காம்ப் வடிகட்டியை ஏற்றி, அதன் பின்னரே பயனரின் நிரலை ஓடவிடுகிறது. ஏற்றப்பட்ட செக்காம்ப் வடிகட்டியை அந்த நிரலால் பின்னர் கழற்ற முடியாது. அதன் பிள்ளைச் செயல்முறைகளுக்கும் அதே வடிகட்டி தொடரும்.

தேர்வுக்கூடத்தின் வாசலில் சோதனை செய்து உள்ளே அனுப்புவதைப் போன்றது இது. வாசலில் விட்டால் பின்னர் பிடிக்க இயலாது. எனவே வாசலில் நிற்பவர் யார், அவருக்குத் தரப்பட்டுள்ள இயல்பான கட்டளை என்ன என்பதே முழுப் பாதுகாப்பையும் தீர்மானிக்கிறது.

வாசலே ஏமாற்றப்பட்ட நிகழ்வும் உண்டு. சிவிஇ-2019-16884 என்று பதிவான பிழையில், தீய நோக்கத்துடன் தயாரிக்கப்பட்ட ஒரு கொள்கலன் படிமம், பிராக் கோப்பகத்தின் மேலேயே வேறொரு கோப்பகத்தைப் பொருத்திவிட முடிந்தது. ரன்சி ஆப்பார்மர் விதியின் பெயரை எழுதியது உண்மைதான். ஆனால் எழுதிய இடம் போலி. விதி பொருந்தாமலே கொள்கலன் ஓடியது. எழுதிய பிறகு 'உண்மையிலேயே பொருந்தியதா' என்று சரிபார்க்காத எந்த ஏற்பாடும் இப்படி ஏமாறும்.

டாக்கரின் இயல்புநிலை: நிறைகள்

டாக்கர் 2013-இல் வெளிவந்தது. 2016 பிப்ரவரியில் வந்த 1.10 பதிப்பு முதல், பயனர் கேட்காமலேயே ஒரு செக்காம்ப் விதிக்கோப்பு பொருத்தப்படுகிறது. முந்நூறுக்கு மேற்பட்ட வேண்டுகோள்களில் ஏறத்தாழ 44 தடுக்கப்படுவதாக டாக்கரின் ஆவணம் கூறுகிறது. கெர்னல் தொகுதியை ஏற்றுதல், கணினியை மறுதொடக்கம் செய்தல், கடிகாரத்தை மாற்றுதல், கெர்னலின் சாவி வளையத்தைக் கையாளுதல் ஆகியவை அவற்றுள் அடங்கும். ஒரு கொள்கலனுக்கு இவை தேவைப்படும் சந்தர்ப்பம் அரிது.

இந்த விதிக்கோப்பின் பெரிய நிறை அதன் அமைப்பு. அது 'இவற்றைத் தடு' என்று எழுதப்படவில்லை. 'இவற்றை மட்டும் அனுமதி, மற்றவை எல்லாம் தடை' என்று எழுதப்பட்டுள்ளது. நாளை கெர்னலில் புதிதாக ஒரு வேண்டுகோள் சேர்ந்தால், யாரும் எதுவும் செய்யாமலே அது தடைப்பட்டிருக்கும். அது வளர்ந்தும் வருகிறது. ஐஓ-யூரிங் என்னும் புதிய வசதி ஒரு காலம்வரை அனுமதிக்கப்பட்டிருந்தது. தன் பரிசுத் திட்டத்துக்கு வந்த கெர்னல் தாக்குதல்களில் 60 விழுக்காடு அந்த வசதியையே பயன்படுத்தியதாக 2023-இல் கூகுள் அறிவித்தது. 2024 ஜனவரியில் வந்த டாக்கரின் 25.0 பதிப்பு அதைத் தடைப்பட்டியலுக்கு மாற்றியது. பழைய தீர்ப்பைத் திருத்திக்கொள்ளும் இப்பண்பு பாராட்டுக்குரியது.

'டாக்கர்-டிஃபால்ட்' என்னும் ஆப்பார்மர் விதிக்கோப்பைப் பற்றி இதே அளவு பாராட்டிச் சொல்ல இயலாது. அது கோப்புகள், வலையமைப்பு, அதிகாரங்கள் அனைத்தையும் முதலில் பொதுவாக அனுமதித்துவிட்டு, பின்னர் கோப்புமுறையைப் பொருத்துதல், கெர்னல் அமைப்புக் கோப்புகளில் எழுதுதல் போன்ற சிலவற்றைத் தடுக்கிறது. எந்த நிரலுக்கும் பொருந்த வேண்டும் என்பதால் இப்படி எழுதப்பட்டது என்பது புரிகிறது. ஆனால் எல்லாருக்கும் தைத்த சட்டை யாருக்கும் அளவாக இருக்காது.

முதற்குறை: காரணம் சொல்லாத மறுப்பு

ஆசிரியர் விடைத்தாளில் சிவப்புக் கோடு மட்டும் போட்டுவிட்டு, பிழை என்ன என்று ஓரத்தில் எழுதாவிட்டால் மாணவன் என்ன கற்பான்? செக்காம்ப் செய்வது இதுதான். தடைப்பட்ட வேண்டுகோளுக்குக் கிடைப்பது 'அனுமதி இல்லை' என்னும் பொதுவான பிழை எண் மட்டுமே. மறுத்தது செக்காம்பா, ஆப்பார்மரா, கோப்பின் உரிமைகளா, அதிகாரக் குறைவா என்று அந்த எண்ணிலிருந்து அறிய முடியாது. டாக்கரின் இயல்புநிலையில் இந்த மறுப்பு கெர்னல் பதிவேட்டிலும் எழுதப்படுவதில்லை. ஆப்பார்மர் பொதுவாகத் தன் மறுப்புகளைப் பதிவேட்டில் எழுதும். ஆனால் வெளிப்படையாகத் 'தடு' என்று எழுதிய விதிகளுக்கு, தனியே கேட்டாலொழிய, அதுவும் எழுதாது. 'டாக்கர்-டிஃபால்ட்' கோப்பில் கோப்புமுறை பொருத்துதலுக்கான தடை இவ்வகையைச் சேர்ந்ததே.

இதன் விளைவை 2021-இல் உலகம் கண்டது. அவ்வாண்டு ஆகஸ்டில் ஜிலிப்சி நூலகத்தின் 2.34 பதிப்பு வந்தது. புதிய இழைகளைத் தொடங்க அது 'குளோன்3' என்னும் புதிய வேண்டுகோளைப் பயன்படுத்தத் தொடங்கியது. பழைய 'குளோன்' வேண்டுகோளில், புதிய பெயர்வெளி கேட்கப்படுகிறதா என்று செக்காம்ப் எண்ணைப் பார்த்தே சொல்லிவிடும். குளோன்3-இல் அந்தத் தகவல் நினைவகத்தில் வேறோரிடத்தில் இருக்கிறது. செக்காம்ப் முகவரியைப் பார்க்குமே தவிர, அந்த முகவரிக்குச் சென்று பார்க்காது. ஆகவே குளோன்3 முழுவதும் தடைப்பட்டிருந்தது. அதில் தவறில்லை. தவறு எங்கே என்றால், 'அனுமதி இல்லை' என்று பதில் சொன்னதில். 'அப்படியொரு வேண்டுகோளே இங்கு இல்லை' என்று சொல்லியிருந்தால் நூலகம் பழைய குளோனுக்குத் திரும்பியிருக்கும். 'அனுமதி இல்லை' என்றதும் அது நின்றுவிட்டது. உபுண்டு 21.10, ஃபெடோரா 35 போன்ற புதிய படிமங்கள் பழைய டாக்கரில் ஓட மறுத்தன.

அக்டோபரில் வந்த 20.10.10 பதிப்பில் டாக்கர் அந்தப் பதிலை மாற்றியது. மேம்படுத்த முடியாதவர்களும் காரணம் புரியாதவர்களும் இணையத்தில் கண்ட குறுக்குவழி வேறு: செக்காம்பை 'அன்கன்ஃபைன்ட்', அதாவது கட்டற்ற நிலை, என்று தொடக்கக் கட்டளையில் எழுதுவது. ஒரே ஒரு வேண்டுகோளின் தடையை நீக்க, எல்லாத் தடைகளையும் நீக்கும் வழி அது. அதைவிடக் கடுமையானது 'பிரிவிலெஜ்ட்' என்னும் தெரிவு. அது செக்காம்ப், ஆப்பார்மர் இரண்டையும் விலக்கி, எல்லா அதிகாரங்களையும், கணினியின் சாதனங்களையும் கொள்கலனுக்குக் கொடுத்துவிடுகிறது. சிறிய கதவைத் திறக்க வீட்டுச் சுவரை இடிப்பதற்கு ஒப்பானது இது. ஆனால் தட்டெழுதுவதற்கு மிக எளிது. சரியான வழியான தனி விதிக்கோப்பை எழுதுவதற்கோ நீண்ட ஜேசன் கோப்பைப் புரிந்துகொள்ள வேண்டும். பிழையான வழி ஒரு சொல். சரியான வழி ஒரு கோப்பு. இந்த ஏற்றத்தாழ்வைப் பயனரின் சோம்பல் என்று மட்டும் சொல்லித் தள்ளுவது நியாயமாகாது.

இரண்டாம் குறை: ஓசையில்லாத இன்மை

முதற்குறையைவிட இது பெரிது. டாக்கர் இயல்பாகவே செக்காம்ப் விதியைப் பொருத்துகிறது என்று கண்டோம். அதே படிமத்தைக் குபெர்னெட்டிஸ் அமைப்பில் இட்டால் என்ன ஆகும்? யாரும் குறிப்பிட்டுக் கேட்காவிட்டால், குபெர்னெட்டிஸ் அதைச் செக்காம்ப் இல்லாத கட்டற்ற நிலையிலேயே தொடங்கும்படி சொல்கிறது. மாணவர் தம் மடிக்கணினியில் சோதித்தபோது இருந்த காப்பு, ஆயிரக்கணக்கானோர் பயன்படுத்தும் பணித்தளத்துக்குப் போனதும் காணாமற் போகிறது. நிரல் அங்கே ஒரு குறையுமின்றி ஓடும். எச்சரிக்கை எதுவும் வராது.

2022 ஜனவரியில் இதன் விலை தெரிந்தது. சிவிஇ-2022-0185 என்னும் கெர்னல் பிழை, கோப்புமுறை அமைப்பைப் படிக்கும் பகுதியில் ஒரு கழித்தல் கணக்கு தவறியதால் விளைந்தது. 2019-இல் வந்த 5.1 பதிப்பிலிருந்தே அது கெர்னலில் இருந்தது. அதைப் பயன்படுத்தத் தாக்குபவருக்கு நிர்வாக அதிகாரம் தேவை. ஆனால் 'அன்ஷேர்' என்னும் வேண்டுகோளால் புதிய பயனர் பெயர்வெளியை உருவாக்கினால், அதற்குள் அந்த அதிகாரம் கிடைத்துவிடும். டாக்கரின் இயல்பான செக்காம்ப் விதி அன்ஷேரைத் தடுப்பதால் அங்கே இவ்வழி அடைபட்டது. செக்காம்ப் கேட்கப்படாத குபெர்னெட்டிஸ் கொள்கலன்களில் வழி திறந்திருந்தது. கொள்கலனிலிருந்து தப்பி, அதைத் தாங்கும் கணினியையே கைப்பற்ற முடியும் என்பதைக் கூகுளின் பரிசுத் திட்டத்தில் ஆய்வாளர்கள் செய்தே காட்டினர். ஒரே கெர்னல், ஒரே பிழை, ஒரே படிமம். தொடக்கத்தில் இருந்த ஒரு வேறுபாடுதான் இரண்டையும் பிரித்தது.

குபெர்னெட்டிஸ் இதை அறியாமல் இல்லை. 2020-இல் வந்த 1.19 பதிப்பில் செக்காம்பைக் கேட்டுப்பெறும் புலம் நிலைபெற்றது. எல்லாக் கொள்கலன்களுக்கும் இயல்பாகவே பொருத்தும் வசதி 2021-இல் சோதனை நிலையில் வந்து, 2023 ஏப்ரலில் 1.27 பதிப்பில் நிலைபெற்றது. ஆனால் நிலைபெற்ற பிறகும், ஒவ்வொரு கணினியிலும் நிர்வாகி அதைத் தனியே இயக்க வேண்டும். 'இயல்புநிலை' என்று பெயர் வைத்துவிட்டு, அதை இயல்பாக இயங்காமல் வைத்திருப்பது முரண். பழைய நிரல்கள் உடைந்துவிடும் என்ற அச்சம் இதற்குக் காரணமாகச் சொல்லப்படுகிறது. அது பொருளற்ற அச்சமன்று. குளோன்3 அனுபவமே சான்று. எனினும் உடையும் நிரல் கூச்சலிடும், அதைத் திருத்தலாம். காப்பில்லாத நிரல் கூச்சலிடாது. திருத்தத்தக்க தொல்லையைத் தவிர்க்க, கண்ணுக்குத் தெரியாத ஆபத்தைத் தேர்ந்தது சரியான பேரமாகத் தோன்றவில்லை.

ஓசையில்லாத இன்மை டாக்கரிலும் உண்டு. ஆப்பார்மர் இயங்காத கணினியில் டாக்கர் அந்த விதியின்றியே கொள்கலனைத் தொடங்கிவிடும். எஸ்இலினக்ஸ் உள்ள கணினியிலும், டாக்கரின் சேவைக்கு அதற்கான தெரிவைத் தனியே கொடுத்தால்தான் கொள்கலன்களுக்கு முத்திரை கிடைக்கும். பாட்மேன் என்னும் மாற்றுக் கருவி, எஸ்இலினக்ஸ் இயங்கும் கணினியில் கேட்காமலே முத்திரை இடுகிறது. செய்ய முடியும் என்பதற்கு அதுவே சான்று.

விதிக்கோப்பு சர்வரோக நிவாரணியா?

எதிர்த்தரப்பின் வாதத்தையும் எடைபோட வேண்டும். 2019 பிப்ரவரியில் வெளியான சிவிஇ-2019-5736 பிழையில், கொள்கலனுக்குள்ளிருந்தே வெளியில் உள்ள ரன்சி கருவியின் கோப்பைத் திருத்தி எழுத முடிந்தது. இயல்பான ஆப்பார்மர் விதி அதைத் தடுக்கவில்லை. ரெட் ஹேட் கணினிகளில் முறையாக இயங்கிய எஸ்இலினக்ஸ் தடுத்தது. ஆகவே எல்லா விதிகளும் எல்லாத் தாக்குதலையும் தடுக்கும் என்று நம்புவது பிழை. கெர்னலைப் புதுப்பித்தல், மூலப்பயனராக ஓடாமை, தேவையற்ற அதிகாரங்களைக் களைதல் ஆகியவற்றுக்கு விதிக்கோப்பு மாற்றாகாது.

ஆனால் 'முழுமையாகக் காக்காது' என்பது 'தேவையில்லை' என்பதற்குச் சான்றாகாது. கெர்னல் பிழை வெளியாகும் நாளுக்கும், நிர்வாகி கணினியைப் புதுப்பிக்கும் நாளுக்கும் இடையே எப்போதும் ஓர் இடைவெளி உண்டு. அந்த இடைவெளியில் ஓடிக்கொண்டிருக்கும் கொள்கலனைக் காப்பது, தொடங்கும்போது பொருத்திய விதி மட்டுமே.

மாணவர்கள் செய்யத்தக்கவை

முதலாவது, நம்பாமல் சோதித்துப் பார்ப்பது. கொள்கலனுக்குள் சென்று, பிராக் கோப்பகத்தில் முதல் செயல்முறையின் 'ஸ்டேட்டஸ்' கோப்பைப் படித்தால் செக்காம்ப் என்ற வரி இருக்கும். அதில் 2 என்றிருந்தால் வடிகட்டி உள்ளது; 0 என்றிருந்தால் இல்லை. அதே செயல்முறையின் 'ஆட்டர்' கோப்பகத்தில் உள்ள 'கரன்ட்' கோப்பு, பொருந்தியுள்ள ஆப்பார்மர் விதியின் பெயரைக் காட்டும். ஒரு நிமிட வேலைதான்.

இரண்டாவது, குபெர்னெட்டிஸ் வரையறைக் கோப்பில் செக்காம்ப் வகையை 'ரன்டைம்டிஃபால்ட்' என்று எழுதும் பழக்கம். மூன்றே வரிகளில் முடியும். அந்த அமைப்பின் பாட் பாதுகாப்புத் தரநிலைகளில் 'ரெஸ்ட்ரிக்டெட்' என்னும் கடுமையான நிலை இதைக் கட்டாயமாக்குகிறது. நிர்வாகி அந்த நிலையைப் பெயர்வெளிக்கு விதித்தால், விதி கேட்காத கொள்கலன் தொடங்கவே தொடங்காது. அப்போது இன்மைக்கும் ஓசை உண்டாகிறது. நாம் விரும்பும் ஏற்பாடு இதுவே.

மூன்றாவது, நிரல் மறுக்கப்பட்டால் சுவரை இடிக்காமல் கதவைத் தேடுவது. ஆப்பார்மரில், தடுக்காமல் பதிவு மட்டும் செய்யும் 'கம்ப்ளெய்ன்' நிலை உண்டு. செக்காம்பிலும் 2017-இல் வந்த லினக்ஸ் 4.14 முதல் அதற்கு நிகரான வசதி உண்டு. சோதனைக் கணினியில் அந்நிலையில் நிரலை ஓடவிட்டு, எது தேவைப்பட்டது என்று பார்த்து, அதை மட்டும் சேர்த்த விதிக்கோப்பை எழுதலாம். அந்தக் கோப்பையும் நிரலின் மூலக்குறிமுறையோடு சேர்த்தே பாதுகாத்தால், பின்னால் வருபவருக்கும் காரணம் புரியும்.

மதிப்பீடு

டாக்கரின் செக்காம்ப் விதிக்கோப்பு, எதையும் கேட்காத பயனருக்கும் பாதுகாப்பைக் கொடுத்தது. அதனாலேயே 2022-இல் பலர் தாம் காக்கப்பட்டதை அறியாமலே காக்கப்பட்டனர். மறுப்புக்குக் காரணம் சொல்லாமை அதன் குறை. குபெர்னெட்டிஸ் விரிவான விதிகளையும் தரநிலைகளையும் வகுத்தது. ஆனால் அவற்றைக் கேட்கத் தெரிந்தவருக்கு மட்டுமே கொடுக்கிறது. கேட்கத் தெரியாதவருக்குத்தான் பாதுகாப்பு அதிகம் தேவை. எனவே கருவிகளை உருவாக்குவோர் செய்ய வேண்டியவை இரண்டு: விதி மறுக்கும்போது அதன் பெயரைச் சொல்ல வேண்டும், விதி இல்லாமல் தொடங்கும்போது அதையும் உரக்கச் சொல்ல வேண்டும். அதுவரை, ஒவ்வொரு கொள்கலனிலும் அந்த ஒரு வரியில் 2 இருக்கிறதா, 0 இருக்கிறதா என்று பார்க்கும் பொறுப்பு அதைத் தொடங்குபவருடையதே.